ஒன்பது வருஷத் தூக்கம்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. தரைக்கு அடியிலிருந்து அது என்னைப் பிடித்தது.

நான் இருப்பது கவாலா என்ற கிரேக்க ஊரில், துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் ஒரு தெருவில், கடைசி மாடி. எனக்கு நேர் கீழே போலிக்ஸேனியும் அவள் புருஷன் திராசோஸும். அவர்களுக்கும் கீழே, தெருவைப் பார்த்து, போலிக்ஸேனியின் பெண்கள் சலூன். கோடைக்காலத்தில், மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காபிக்கும் நடுவில், இந்த ஊரில் ஆணி அடிக்கக்கூடாது, பாட்டுப் பழகக்கூடாது, சத்தமாகத் தும்மினால்கூட எதிர்வீட்டு ஜன்னல் முறைக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் கீழ்வீட்டிலிருந்து யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் வந்தது. பிறகு ஓர் ஆண் அழுகிற சத்தம். பிறகு அதே ஆண் சிரிக்கிற சத்தம். ஒரு கப்பல் கம்பெனிக் கடிதத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நான், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்று இறங்கிப் போனேன். புருவமெல்லாம் வெள்ளையடித்திருந்த ஒருத்தன் கதவைத் திறந்து, "இப்ப வேணாம்யா, போயிடு" என்று சொல்லிச் சாத்திவிட்டான்.

மற்றதையெல்லாம் பிறகு போலிக்ஸேனி சொன்னாள். ஒரே மூச்சில் இல்லை, கொடியில் துணி உலர்த்தும்போது கொஞ்சம், படியில் மூச்சு வாங்க நிற்கும்போது கொஞ்சம். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எந்த பாஷைல?"

"தமிழ்ல."

"அப்ப எழுது. இந்தத் தெருவுல எவனுக்கும் படிக்கத் தெரியாது."

முதல் வரிக்கு முயற்சி செய்தவை, வெட்கமில்லாமல் கீழே:

"திராசோஸ் கண் விழித்தபோது ஒன்பது வருடங்கள் ஓடிப்போயிருந்தன." ஜோரான ஆரம்பம். ஆனால் பொய். புருஷனை ஏமாற்ற போலிக்ஸேனிக்காவது ஒரு காரணம் இருந்தது. உங்களை ஏமாற்ற எனக்கு என்ன காரணம்?

"துறைமுகத்தின் மேல் மாலை வெயில் பொன்னை உருக்கி..." வெயில் எதையும் உருக்கவில்லை. மண்டையைப் பிளந்தது.

"ஒருத்தி தன் புருஷனின் மீசைக்கு வெள்ளையடித்தாள்." இது நடந்தது. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

2

பெயர்களை மாற்றுவதுதான் மரியாதை. ஆனால் போலிக்ஸேனியின் பெயரை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. வீட்டிலும் தெருவிலும் அவளைச் சுருக்கி 'போலி' என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் சலூனில் வைத்துச் சொல்லித் தொலைத்தேன். தலையில் சாயம் ஊற உட்கார்ந்திருந்த பெண்களுக்கு முன்னால் விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்த ஊர் நரையையெல்லாம் கறுப்பாக்கறவளுக்கு வேற என்ன பேர் வைப்பாங்க?" என்றாள்.

திராசோஸ் தெஸ்ஸலோனிக்கி நகரத்துக்குப் பஸ் ஓட்டுகிறவர். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. நடுவில் வீட்டுக்கு வந்து, பொரித்த நெத்திலியும் எலுமிச்சை பிழிந்த கீரையும் சாப்பிட்டு, கட்டிலில் விழுந்தால் விழுந்ததுதான். பக்கத்தில் பட்டாளமே நடந்து போனாலும் தெரியாது.

(அவரை ஒரு கும்பகர்ணன் என்று எழுதி, அடித்துவிட்டேன். போலிக்ஸேனிக்கு அது யார் என்று விளக்கப்போய், 'அவன் பொண்டாட்டி என்ன பண்ணா?' என்று அவள் கேட்க, எனக்குப் பதில் தெரியவில்லை.)

இந்தத் தம்பதியின் பொழுதுபோக்கு ஒருவரையொருவர் முட்டாளாக்குவது. போன வசந்தத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், போலி சோபாவில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். திராசோஸ் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். காபி போட்டார். அவள் தோளை உலுக்கினார்.

"எந்திரிடி, திங்கக்கிழமை விடிஞ்சு எட்டு மணி ஆச்சு! கல்யாணப் பொண்ணு கீழ நின்னு கதவை ஒடைக்கறா!"

அவள் ஒற்றைச் செருப்போடு படியிறங்கி ஓடினாள். ஷட்டரைத் தூக்கினாள். வெந்நீரைப் போட்டுவிட்டு, கையில் சீப்போடு வாசலில் வந்து நின்றாள். எதிரே மாலைப் பூசை முடிந்து மாதாகோயில் கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. பாதிரியார் நின்று, தாடியை நீவி, "என்ன போலி, ஆண்டவர் ஓய்வெடுக்கற நாள்ல அவருக்கே முடிவெட்டப் போறியா?" என்றார். மாடி ஜன்னலில் திராசோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வாரம் சலூனுக்கு வந்த ஒவ்வொருத்தியும், "இன்னிக்கு என்ன கெழமை போலி?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

பழி வாங்காமல் விடுவாளா?

3

அர்கிரிஸ் உள்ளே வருகிறான். தெருமுனையில் சிகரெட்டும் பத்திரிகையும் விற்கும் பெட்டிக்கடைக்காரன். திராசோஸின் சீட்டாட்டக் கூட்டாளி, ஆகவே அவரைக் கவிழ்ப்பதென்றால் கடையைப் போட்டது போட்டபடி ஓடிவருவான். ஒரு மதியம், திராசோஸின் குறட்டை நிலைக்கு வந்ததும், போலி ஜன்னலிலிருந்து சைகை காட்டினாள்.

சமையலறையில் குசுகுசுவென்று பேரம் நடந்தது. தலையில் அடிபட்டு மயக்கமாகவே கிடந்தார் என்று சொல்வதாக முடிவு. எவ்வளவு காலம் என்பதில்தான் இழுபறி.

"இருபது வருஷம்னு சொல்லுவோம்" என்றான் அர்கிரிஸ்.

"இருபது வருஷத்துல நீ செத்திருப்ப. பொணம் வந்து சாட்சி சொல்லுமா?"

"அப்ப பத்து."

"முழுசாச் சொன்னா எவன் நம்புவான்? ஒன்பது.*"

"சரி, ஒன்பது. ஆனா இந்த ஒன்பதுல நான் மேயர் ஆயிட்டேன்."

"நீயா? பனியன்ல ஓட்டையோட வந்திருக்க."

"எதிர்காலம்தான போலி? காசா பணமா? குடுத்தா என்ன?"

கடைசியில் துணைமேயர் என்று முடிந்தது.

* ஏழு என்று மாற்றலாமா என்று பார்த்தேன். கதைகளில் ஏழுக்கு ஒரு மவுசு உண்டு. "நீ அங்க இருந்தியா?" என்று போலி கேட்டாள். ஒன்பதாகவே இருக்கட்டும்.

4

சலூனில் கார்னிவல் சமயத்தில் மிச்சமான வெள்ளைச் சாய டப்பாக்கள் இருந்தன. அழுத்தினால் புஸ்ஸென்று தெளிக்கும், தண்ணீர் பட்டால் போய்விடும். போலி கைதேர்ந்தவள். தூங்குகிறவரின் மீசையைக் காகிதத்தால் மறைத்து மறைத்து, ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் விட்டு, நடுவில் வெளுத்து, நிஜ நரை எப்படி ஏறுமோ அப்படி ஏற்றினாள். புருவம். காதோர முடி. அதோடு விட்டிருக்கலாம். பனியனின் கழுத்தை இழுத்து நெஞ்சு முடிக்கும் ஒரு புஸ்.

"அதை எவன் பாக்கப் போறான்?" என்றான் அர்கிரிஸ்.

"அவன் பாப்பான். வேலைன்னா சுத்தமா இருக்கணும்."

பிறகு அர்கிரிஸின் புருவத்துக்கு அடித்தாள், தன் தலைக்கும் அடித்துக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே மையைக் குழைத்துத் தடவினாள்.

[இந்த இடத்தில் ஒரு கண்ணாடிக் காட்சி இருந்தது. தன் முதுமையைக் கண்ணாடியில் கண்டு அவள் ஒரு கணம் உறைந்து நின்றதாக எழுதியிருந்தேன். கண்ணாடிக்கு முன்னால் பெண்களை உறைய வைப்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். அவளிடம் கேட்டேன். "கண்ணாடியா? பாத்தேன். இன்னும் கொஞ்சம் கெழவியா இருக்கலாம்னு தோணுச்சு. மூக்குக்குக் கீழயும் ரெண்டு கோடு போட்டேன்" என்றாள்.]

5

ஜன்னல் கதவுகளைப் பாதி சாத்தினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். துணைமேயர் துடைப்பக் கட்டையைத் தடியாக ஊன்றிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று, சட்டைக் கையைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்புதான் என் தரை வழியாக வந்தது.

"திராசோ... திராசோ..."

"காபி போட்டுட்டியா?"

"மாதாவே! பேசறான்! கண்ணைத் தொறந்துட்டான்!"

"ஏண்டி கத்தற?"

"அசையாத. மெதுவா. டாக்டர் சொன்னாரு, முழிச்சா பதறக்கூடாதுன்னு. நீ... நீ ஒன்பது வருஷமாப் படுத்தே கெடக்கறய்யா."

திராசோஸ் அவளைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். மூக்குக்குக் கீழே இருந்த கோடுகளைப் பார்த்தார். குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். நெஞ்சு முடிதான் அவரைச் சாய்த்தது என்று போலி இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறாள்.

அர்கிரிஸ் தடியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். "நண்பா! நகராட்சி சார்பா, துணைமேயர்ங்கற முறையில..."

திராசோஸ் அவன் பக்கம் திரும்பவேயில்லை. பனியனைச் சரேலென்று தூக்கினார். வயிற்றைத் தடவினார். மேலே, கீழே, தொப்புளைச் சுற்றி. விளக்கைப் போடச் சொன்னார்.

"எங்கடி?"

"என்ன எங்க?"

"தழும்பு. வெட்டின எடம். நெஞ்சுலேர்ந்து கீழவரைக்கும் கிழிச்சுத்தான் பண்ணணும்னு சொன்னாரே அந்த டாக்டரு."

"எந்த டாக்டரு?"

"தெஸ்ஸலோனிக்கி டாக்டரு. அது வெடிச்சிருச்சுல்ல? எங்க வெடிச்சுது? பஸ் ஓட்டறப்பவா?" அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "உண்மையச் சொல்லு போலி. வண்டில இருந்தவங்க? யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

அர்கிரிஸ் தடியைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"இல்ல" என்றாள் போலி. "யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு கணக்குப் போடுகிற மாதிரி மேலே பார்த்தார். பிறகு அழ ஆரம்பித்தார். "ஒன்பது வருஷமா? பொறு, பொறு. அப்படியே விட்டா ரெண்டு வருஷம் தாண்டறது கஷ்டம்னாரு. ஆபரேஷன் பண்ணாலும் மேஜை மேலயே போயிடலாம்னாரு. உள்ள பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி ஊதியிருக்காம். நான் உங்கிட்டச் சொல்லல. சொன்னா நீ ஸ்டியரிங்கைப் புடுங்கிடுவ. ஆனா பாரு, ஒன்பது வருஷம் போலி! ஒன்பது! நான் அந்த டாக்டருக்குப் பெப்பே காட்டிட்டேன்!"

அழுகையோடேயே சிரித்தார். அவள் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். உள்ளங்கைக்கு அடியில் ஏதோ துடித்தது. இத்தனை காலம் பக்கத்தில் படுத்தவள், அந்தத் துடிப்பை முதல் தடவையாகக் கவனித்தாள்.

6

நீங்கள் கேட்கலாம்: ஒரு வளர்ந்த மனுஷன், சாய டப்பாவையும் துடைப்பக் கட்டையையும் நம்புவானா? எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. திராசோஸை இந்தக் கதைக்காக இன்னும் கொஞ்சம் மந்தமானவராக ஆக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். முதல் பிரதியில் அப்படித்தான் இருந்தார். அது அவருக்கு நான் செய்த துரோகம். அவர் மந்தமில்லை. விழுந்துவிடுவோம் என்று தினமும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தவரிடம் 'நீ விழுந்துவிட்டாய்' என்று ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான். முழுப் பொய்யையும் போலி கட்டவில்லை. பாதியை அவர் முன்பே கட்டி வைத்திருந்தார்.

இனி போலி என்ன செய்திருக்கலாம் என்று நான் எழுதிப் பார்த்தவை.

ஓங்கி ஓர் அறை விட்டாள். (அவளுக்குப் பொருந்தும். ஆனால் அந்தத் துடிக்கிற வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு எப்படி அறைவாள்?)

அவர் காலடியில் விழுந்து கதறினாள். (போலியா! இதை எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன்.)

"எல்லாம் வெளையாட்டுய்யா" என்று உடனே சொல்லிவிட்டாள். (நல்லவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அதனால்தான் நல்லவர்களை வைத்துக் கதை எழுத முடிவதில்லை.)

நடந்தது இது. அவள் பொய்யைத் தொடர்ந்தாள்.

"தழும்பு விடாம வெட்டறாங்க இப்பல்லாம்" என்றாள். "ஒன்பது வருஷத்துல எவ்வளவோ மாறிடுச்சு."

"ஆமா" என்றான் அர்கிரிஸ். "அந்த மெஷினை நான்தான் ஊருக்குக் கொண்டுவந்தேன். துணைமேயரா இருந்தப்ப."

"நீயா? துணைமேயரா?" திராசோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஊரு உருப்பட்டாப்பலதான்."

இதன் நடுவில்தான் நான் கதவைத் தட்டித் திட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

போலி காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒவ்வொரு வாயாக, முதல் தடவை காபி குடிக்கிறவரைப் போலக் குடித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைக் கல்யாணத்தன்றும் பார்த்ததில்லை என்றாள். அதைக் கலைக்க அவளுக்குக் கை வரவில்லை. ஆனால் அவர் பால்கனிக்குப் போக எழுந்தார். ஒன்பது வருஷம் கழித்துக் கடல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். வெளியே போனால் அதே தெரு, எதிர்வீட்டில் காலையில் உலரப்போட்ட அதே போர்வை. தெருவின் வாயால் அது அவருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தாள்.

ஒரு துண்டை நனைத்து எடுத்துவந்தாள். அவர் எதிரில் நின்று, முகத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மீசையை மெல்லத் துடைத்தாள். ஒரு பக்கம். பிறகு மறுபக்கம். துண்டை அவர் கையில் கொடுத்தாள்.

[துண்டைப் பற்றி நீளமாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். வெள்ளைக் கறை. அவ்வளவுதான்.]

திராசோஸ் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி என்ன?" என்றார்.

"அஞ்சாகப் போவுது."

"எந்த நாளு?"

"அதே நாளுதான்யா. நெத்திலி சாப்ட நாளு."

அவர் தலையை ஆட்டினார். நாற்காலியில் கிடந்த சீருடைச் சட்டையை எடுத்து மாட்டினார். "அப்ப எனக்குச் சாயங்கால நடை இருக்கு."

போலி சாவிக்கொத்தை எடுத்துத் தன் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். "நீ வண்டில ஏறு, பாப்போம். அது வெடிக்கறதுக்கு முன்னாடி நான் வெடிக்க வைக்கறேன். அறிவிருக்கா உனக்கு? அத்தனை ஜனத்தை ஏத்திக்கிட்டு, வயித்துல வெடிகுண்டைக் கட்டிக்கிட்டு, தினமும் ரெண்டு நடை! எங்கிட்டச் சொல்லத் துப்பில்ல! அர்கிரி, நீ என்ன பொம்மை மாதிரி நிக்கற? ஓடு, அவங்க ஆபீசுல போய்ச் சொல்லு, இவனுக்கு வயித்துப்போக்குன்னு!"

துணைமேயர் வெள்ளைப் புருவத்தோடேயே தெருவில் ஓடியதை நான் மேலிருந்து பார்த்தேன்.

7

இதற்குப் பிறகு வருவது கதைக்கு உதவாத பகுதி. வாழ்க்கையில் அதுதான் நீளம். திராசோஸ் அவளோடு பேசுவதை நிறுத்தினார். கோபம் அவள் செய்த கேலிக்காக இல்லை. "குடுத்துட்டுப் புடுங்கிட்டா" என்று அர்கிரிஸிடம் சொன்னாராம். "ஒன்பது வருஷத்தைக் கையில குடுத்துட்டு, ஒரு துண்டால தொடச்சுட்டா." ஆபரேஷன் வேண்டாம் என்று பிடிவாதம். போலி கெஞ்சினாள், திட்டினாள், பாதிரியாரை அனுப்பினாள். பாதிரியாரோடு சீட்டாடி அனுப்பிவிட்டார்.

பிறகு ஒரு காலை, அவள் சலூனில் யாருக்கோ தலை அலசிக்கொண்டிருந்தபோது, வாசலில் வந்து நின்றார்.

"போறேன்."

"எங்க?"

"வெட்டிக்க." அங்கே உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டார். ஆனாலும் சொன்னார்: "அன்னிக்கு ஒரு காபி குடிக்கற நேரம் ஒன்பது வருஷத்துக்கு அந்தப் பக்கம் இருந்து பாத்தேன்ல? நல்லாத்தான் இருந்துச்சு. நீ கெழவியா நல்லாத்தான் இருந்த. அதை நெசமாப் பாக்கணும்."

போலி தண்ணீரை மூட மறந்தாள். நாற்காலியில் இருந்தவளின் காதெல்லாம் நுரை.

8

இந்தக் கடைசிப் பிரதியை நான் என் மேசையில் எழுதவில்லை. தெஸ்ஸலோனிக்கியில், ஓர் ஆஸ்பத்திரி நடைபாதையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். திராசோஸைக் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். இப்போது மதியம் தாண்டிவிட்டது. அர்கிரிஸ் சீஸ் ரொட்டி வாங்கி வருகிறேன் என்று போய் வெகுநேரமாகிறது. தெருமுனையில் நின்று அழுதுகொண்டிருப்பான். போலி என் பக்கத்தில். வருகிற போகிற நர்ஸ்களின் தலைமுடியைப் பார்த்து, "இவளுக்கு எவ சாயம் போட்டா? கொலைகாரி" என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள்.

சற்று முன்னால் திரும்பி, "என்னய்யா, காலைலேர்ந்து கிறுக்கற?" என்றாள்.

"உன் கதைதான்."

"படி."

தமிழைப் பார்த்துப் பார்த்து அவள் பாஷையில் சொல்லிக்கொண்டே வருகிறேன். நடுவில் நிறுத்தித் திருத்துகிறாள். பாதிரியார் அப்படிச் சொல்லவில்லையாம், அதைவிட மோசமாகச் சொன்னாராம். அர்கிரிஸின் பனியனில் ஓர் ஓட்டை இல்லை, பலவாம். தன்னைப் பற்றிய எதையும் திருத்தவில்லை. துண்டு வந்த இடத்தில் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

பிறகு கேட்டாள்: "கண்ணு முழிச்சதும் அவன் என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும். எவ்வளவு நேரமாச்சுன்னு கேப்பான். நான் என்ன சொல்லட்டும்?"

நான் என் முடிவுகளை அவளுக்கு அடுக்கினேன். நிஜ நேரத்தைச் சொல்லலாம்: காலையில் போனாய், இப்போது சாயங்காலம். ஒன்பது வருஷம் என்று சொல்லலாம். வயிற்றைத் தடவிப் பார்த்தால் இந்தத் தடவை தழும்பு இருக்கும், நம்புவார். ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக்கொள்ளலாம். அது எழுத்தாளர்களுக்குப் பிடித்த முடிவு, அதனாலேயே வேண்டாம்.

"நாலாவது ஒண்ணு இருக்கே" என்றாள். "அவன் முழிக்காமலே போறது. அதை நீ எழுதல."

எழுதவில்லை. எழுதமாட்டேன்.

நடைபாதையின் கோடியில் கதவு திறக்கிறது. பச்சைத் தொப்பி போட்ட ஒருவர், யார் வீட்டுக்காரர்களைத் தேடுகிறார் என்று தெரியவில்லை, கையில் இருக்கும் சீட்டைப் பார்க்கிறார். போலி இன்னும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை; நான் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் படித்துக் காட்ட என்னிடம் இந்த வரிதான் மிச்சம். இது முடிந்ததும் அவள் "அப்புறம்?" என்று கேட்பாள். என்னைப் பார்க்காதீர்கள். அவள் எழுந்து நடந்துபோய், குனிந்து, திராசோஸின் காதில் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம்.